எரிச்சலுக்கு எத்தனை மதிப்பெண்?

1

ஒளிப்பானேன், இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. என் வீட்டுக்கு நேர் மேலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொட்டலம் கொண்டுபோகும் ட்ரோன் பறக்கிறது. வீட்டுக்கு வீடு துண்டறிக்கை வேறு போட்டார்கள்: 'இருபது பேர் கேட்டுச் சம்மதித்த புரொப்பெல்லர். எரிச்சல் அளவு பத்துக்கு வெறும் 3.9.' யார் அந்தப் புண்ணியவான்கள்? இந்த ஞொய்ய்ய் சத்தத்தில் ஒரு வாக்கியத்தையாவது நான் உருப்படியாக முடித்தால் என் பேரை

(அதோ, வந்துவிட்டது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அவள் சன்னலைத் திறந்தபோது வானம்…' வேண்டாம். கதையில் யாராவது சன்னலைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: ட்ரோன் கம்பெனியில் அவளைக் 'காதுக்காரி' என்பார்கள். சத்தத்துக்கு மதிப்பெண் வாங்குவது அவள் வேலை. பஞ்சு அடைத்த சுவருள்ள அறையில் இருபது பேரை உட்காரவைத்து, புதுப் புரொப்பெல்லரின் சத்தத்தைப் போட்டுக்காட்டி, ஆளுக்கொரு தாளை நீட்டுவாள். 'எவ்வளவு எரிச்சலாக இருந்தது? 0 முதல் 10 வரை எழுதவும்.' சராசரி நாலைத் தாண்டினால் புரொப்பெல்லர் குப்பைக்கு. தாண்டாவிட்டால் மறுவாரமே வீடுகளுக்கு மேல் பறக்கும்.

வந்தது 3.9. எட்டு மாத உழைப்பு தலை தப்பியது. மேலாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

3

இங்கே அக்காவைக் கொண்டுவர வேண்டும். (அவளை நீக்கியும் பார்த்தேன். கதை சப்பென்று ஆகிவிட்டது. எங்கள் எதிர்வீட்டு நர்ஸ் பகலிலும் சன்னலைத் திறப்பதில்லை. அங்கிருந்து சுட்டதுதான் அக்கா.)

காதுக்காரியின் அக்கா ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவள். புதுப் பாதை அவள் மொட்டைமாடிக்கு மேலேதான் போகப்போகிறது. அவள் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை.

"தூக்கம் கெட்டா ஊசி போடுற கை தடுமாறும்டி. நீ பாத்துப் பரவாயில்லன்னா சரி."

அந்தச் 'சரி'தான் காதுக்காரியைச் சும்மா இருக்கவிடவில்லை. தாள்களை மறுபடி புரட்டினாள். எல்லோரும் மூன்று, நாலு, ஐந்து என்று எழுதியிருக்க, ஒரே ஒரு தாளில் மட்டும் பூஜ்யம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவருடையது.

4

(டிரைவரை முதலில் காது கேளாதவராக எழுதியிருந்தேன். மட்டமான தந்திரம். அடித்துவிட்டேன்.)

அவருக்குப் போன் போட்டாள். அந்தச் சத்தம் உங்களை ஒன்றுமே செய்யவில்லையா ஐயா என்று கேட்டாள்.

"எரிச்சல் இருக்கான்னு கேட்டிருந்தீங்க. காதும் எரியல, கண்ணும் எரியல. பொய் எழுதக் கூடாதில்லம்மா? எந்திரிச்சுப் போய் சுவத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு. அதுக்கு நீங்க கட்டம் போடலையே."

அதற்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீர்கள் என்றாள்.

"பத்துக்கு மேல எழுதலாமா?"

காதுக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வியர்த்தது. 'தொல்லை' என்று போடுவதா 'எரிச்சல்' என்று போடுவதா என அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை எழுதியவளே அவள்தான்.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் மசியவில்லை. நிரப்பிய தாளை யாரும் திருத்தக் கூடாது, மறுபடி சோதிக்க நேரமில்லை, அறிக்கை ஐந்து மணிக்குப் போகிறது, அவ்வளவுதான் என்றார்.

5

மணி நாலே முக்கால். தாள் அவள் முன்னால் கிடக்கிறது. பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தால் பத்து. சராசரி 4.4 ஆகிவிடும்.

முடிவு ஒன்று: இழுக்கிறாள். அக்கா தூங்குவாள். ஆனால் இனி தான் அளக்கும் எதையும் காதுக்காரியால் நம்ப முடியாது.

முடிவு இரண்டு: இழுக்கவில்லை. தாளைத் திருத்தக் கூடாது என்ற விதி நிலைத்தது. அக்காவின் கை

எனக்கு முதல் முடிவுதான் பிடித்திருந்தது. ஆசையாக எழுதவும் தொடங்கினேன். 'அவள் பேனாவை எடுத்து, பூஜ்யத்துக்கு முன்னால்…'

(அதோ.)

அப்போதுதான் உறைத்தது. மேசையில் துண்டறிக்கை கிடக்கிறது. அதில் 3.9 என்றுதானே இருக்கிறது? முடிவு எனக்கு முன்பே வீட்டுக்கு வந்து விழுந்துவிட்டது. எதிர்வீட்டில் சன்னல் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தும் சத்தம் கேட்கிறது. என்னால் இதை எழுத முடியாது.

துண்டறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்களுக்கு மணி இன்னும் ஐந்தாகவில்லை. தாள் இதோ, பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

   0