இருநூற்றுப் பன்னிரண்டு ஈக்கள்

எங்கள் வீட்டில் கை நனைக்காமல் எந்த அதிகாரியும் எங்கள் ஊரைத் தாண்டிப் போனதில்லை. என் அப்பா ஆண்டியப்பன் வைத்த வழக்கம் அது. பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவரும் அவர்தான். வாசல் வளைவில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. எங்கள் கோழிப்பண்ணைக்கும் அவர் பெயர்தான். அந்தப் பெயரை ஈயோடு சேர்த்துச் சுவரில் ஒட்டியவளை நான் சும்மா விடுவேனா?

கிருத்திகா என்று பெயர். ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற இங்கிலீஷ் டீச்சர். உலகத்தில் எங்கெங்கே காற்று கெட்டது, எந்தெந்தக் கடலில் குப்பை சேர்ந்தது என்று பாடம் நடத்தியிருக்கிறாள். அப்போது ஒரு பிள்ளை எழுந்து, "நம்மூர்ல ஈதானுங்க மிஸ்" என்றதாம். உடனே ஐந்து மஞ்சள் அட்டைகளில் பசை தடவி, கோயில், பள்ளிவாசல், டீக்கடை, பள்ளிக்கூடம், எங்கள் பண்ணை வாசல் என்று மாட்டச் சொல்லிவிட்டாள். மறுநாள் ஒட்டியிருக்கிற ஈயை எண்ணி, அதைப் பற்றி இங்கிலீஷில் எழுத வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அன்பரசுதான் சேதி கொண்டுவந்தான்.

"கோயிலுக்குப் பதினாலுங்க ஐயா. டீக்கடைக்கு முப்பத்தொண்ணு. நம்முளுதுக்கு..."

"முழுங்காமச் சொல்லு."

"இருநூத்திப் பன்னண்டுங்க. ஆண்டியப்பன் ஃபார்முன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குதுங்க."

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எண் படிக்க வரும். நேரில் போய்ப் பார்த்தேன். அப்பா கட்டிக்கொடுத்த வகுப்பறையில், அப்பா பெயருக்கு நேரே, சிவப்பு மையில் 212.

"ஏம்மா, இது பாடமா, பஞ்சாயத்தா?"

"பாடந்தானுங்க ஐயா. புஸ்தகத்துல இருக்கறதச் சொல்லுன்னா ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டேங்குதுங்க. ஈயப் பத்திக் கேட்டா நிறுத்த முடியறதில்லீங்க."

"அந்தப் பேர அழி."

"பிள்ளைங்க எண்ணி எழுதினதுங்க. தப்புன்னா நீங்களே ஒருக்கா எண்ணிப் பாருங்க." அலமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினாள்.

எழுபத்து மூன்று வயதில் என்னை ஈ எண்ணச் சொன்னாள்! பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தது இன்றும் காதில் இருக்கிறது. இவளுக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வாங்கிக் கொடுக்காமல் ஓயமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மனு எழுதவைத்து, நானே நாமக்கல் போய்க் கல்வி அலுவலகத்தில் கொடுத்தேன். புத்தகத்தைத் தொடுவதில்லை, பிள்ளைகளை ஈ பிடிக்க அனுப்புகிறார், இங்கிலீஷ் ஒரு வார்த்தையும் வரவில்லை, நேரில் வந்து சோதிக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

செவ்வாய்க்கிழமை என் மனைவி அத்தாயி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒரு வாரமா மழை. ஷெட்டுக்கடியில எருவெல்லாம் ஈரமாக் கெடக்குது. மாமா காலத்துல ஊட்டுக்குப் பக்கத்துல பண்ணை இல்லீங்க. சாப்பாட்ட டவுன் ஓட்டல்ல வெச்சுக்கலாமுங்களா?"

"எங்கப்பன் போட்ட இலைய ஓட்டல்ல போடச் சொல்றியா?"

அவள் பாயசத்துக்கு ஏலக்காய் எடுக்க உள்ளே போனாள். நான் அந்த டீச்சரையும் விருந்துக்குச் சொல்லியனுப்பினேன். என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே தன் மாற்றலை அவள் காதால் கேட்க வேண்டும்.

புதன்கிழமை அதிகாரி வகுப்பில் உட்கார்ந்து ஏதோ கேட்டார். டெய்லர் மஸ்தான் பீவியின் பேத்தி ஆலியா எழுந்தாள். போன வருஷம் ஆண்டு விழாவில் 'குட் மார்னிங்' சொல்லவே நாக்குக் குழறியவள் அவள். இப்போது கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அதிகாரி மடக்கிக் கேட்டார். அதற்கும் பதில் வைத்திருந்தாள். நடுவில் இரண்டு தடவை அப்பா பெயர் வந்தது. அவள் உட்காருமுன் இன்னும் ஏழெட்டுக் கை தூக்கிக்கொண்டு நின்றன. அதிகாரி சிரித்துவிட்டார்.

போகட்டும், இலையில் பேசிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

இலை போட்டோம். சோறு விழுவதற்குள் ஈ வந்துவிட்டது. பருப்பில் உட்கார்ந்தது, நெய்யில் உட்கார்ந்தது, அதிகாரியின் கண்ணாடியில் உட்கார்ந்தது. அன்பரசு துண்டை வீசி வீசி ஓட்டினான். அவனுடைய துண்டிலேயே பத்து உட்கார்ந்திருந்தது. அதிகாரி வலது கையால் ஒரு வாய் சாப்பிடுவதற்குள் இடது கையை நான்கு முறை வீசினார். பாயசம் வந்தது. அவர் டம்ளரில் இரண்டு மிதந்தன. மெல்ல அதை நகர்த்தி வைத்துவிட்டுப் பாதிச் சோற்றோடு இலையை மூடினார்.

"சாப்பாடு ரொம்ப நல்லாருந்துதுங்க" என்றார்.

அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பாதியில் மூடிய முதல் இலை அது.

அந்த டீச்சர் மட்டும் முழுதாகச் சாப்பிட்டாள். தன் பாயசத்தில் விழுந்ததை விரல் நுனியால் எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்தாள். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அத்தாயியிடம், "ஏலக்கா மணமா இருக்குதுங்கம்மா" என்றாள். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜீப்பில் ஏறும்போது அதிகாரி சொன்னார்: "உங்க மனுவுக்காகத்தான் வந்தேன். பாடத்தையும் பாத்துட்டேன், ஈயையும் பாத்துட்டேன். ரெண்டையும் எழுதித்தானுங்க ஆகணும். நேர்ல வந்து சோதிக்கச் சொன்னது நீங்கதானே?"

அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் விடியும்போதே பண்ணையில் நின்றேன். மூன்று ஷெட்டு எருவையும் வாரி ஏற்றி அனுப்பினேன். கோழி தண்ணீர் குடிக்கிற குழாயில் ஒழுகுகிற இடமெல்லாம் மாற்றினேன். எரு விழுகிற தரையில் ஈரம் காயும்வரை சுண்ணாம்பு தூவினேன். நாலு நாளுக்கு ஒருமுறை வாரியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

"ஐயா திருந்திட்டாராட்டம் இருக்குதுன்னு டீக்கடையில பேசிக்கறாங்க" என்றான் அன்பரசு.

"திருந்தறதாவது! அவ அட்டையில ஒண்ணும் ஒட்டக் கூடாது. எதை வெச்சு இங்கிலீஷ் நடத்தறான்னு பாக்கறேன்."

வாரத்துக்கொரு முறை பிள்ளைகள் புது அட்டை மாட்டி எண்ணினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்துக்குப் போய் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வருவேன். நூற்று அறுபது. எண்பத்தெட்டு. நாற்பது. போன வெள்ளி, ஒன்பது. டீக்கடைக்கு அதே முப்பத்தொன்று.

திரும்பும்போது அவள் பின்னாலேயே வந்தாள். "ஐயா, எப்பிடிக் கொறஞ்சுதுன்னு பிள்ளைங்க எழுதணும்னு நிக்குதுங்க. ஒரு நாள் பண்ணைக்குக் கூட்டிட்டு வரலாமுங்களா?"

"கூட்டிட்டு வா. ஆனா எங்கூட்டுல கை நனைக்காமப் போகக் கூடாது" என்றேன்.

வருகிற புதன்கிழமை வருகிறாள். பாயசம்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மீதி ஒன்பதுக்கும் அதற்குள் வழி பார்த்தாக வேண்டும். அவள் டம்ளரை வாயில் வைத்துக் கடைசிச் சொட்டுவரை குடிக்க வேண்டும். விரலால் எடுத்து ஓரமாக வைக்க அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. நான் எதிரே உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.