கிளிப் பதிந்த இடம்

என் அத்தானுக்கு முடியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது தலையில் முளைக்கும் என்பது மட்டும்தான். அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு கிராஃபிக்ஸ் நிறுவனத்தையே நடத்திக்கொண்டிருந்தார். படங்களில் வரும் கம்ப்யூட்டர் மனிதர்களுக்குத் தலைமுடி செய்து கொடுப்பது எங்கள் தொழில். செய்வது நானும் இன்னும் நாலைந்து பேரும். "நாங்க செஞ்சோம்" என்று சொல்வது அவர். வருகிறவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களை லேப்டாப்பில் அடித்து வைப்பது என் அக்கா.

ஒரு தயாரிப்பாளர் தன் படத்தின் நாயகிக்கு முடி செய்யும் வேலையை எங்களுக்குத் தரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். முதலில் ஒரு சோதனைக் காட்சி கேட்டார். நாயகி முதுகைக் காட்டியபடி ஜன்னலோரம் நிற்பாள், காற்றில் முடி அசையும், அவ்வளவுதான். அது தேறாவிட்டால் நிறுவனத்துக்குப் பூட்டுதான். பூட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் எது தவறிப்போனாலும் அத்தான் அதை அக்கா தலையில்தான் கட்டுவார். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அவள்தான், மின்சாரம் போனாலும் அவள்தான்.

நாயகிக்கு அக்காவின் முடியையே மாதிரியாக வைத்தேன். பள்ளி நாட்களில் அவளுக்குப் பின்னிவிட்ட கை என்னுடையது. மென்பொருளில் முடி முளைக்கவைப்பது பெரிய வித்தை இல்லை. மண்டையில் சில இழைகளை நட்டு, எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று காட்டினால், மீதியை அதுவே முளைக்கவைத்துக்கொள்ளும். அப்படி முளைப்பது பொம்மை முடி. அதை அளவாகக் கெடுக்கத் தெரிந்தால்தான் மனுஷி முடி வரும். தினமும் கிளிப் போட்டுப் போட்டு, கழுத்துக்குச் சற்று மேலே அக்காவின் முடியில் ஒரு மடிப்பு விழுந்திருக்கும். அவிழ்த்துவிட்டாலும் போகாது. இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் நரை, எந்த எண்ணெய்க்கும் அடங்காமல் கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். வகிடும் இப்போது அகன்றுவிட்டது. அத்தனையையும் செய்தேன்.

அத்தான் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உயிர் இல்லையேம்மா."

"உயிருக்கு எந்தப் பட்டனை அழுத்தணும் அத்தான்?"

"அதெல்லாம் ஃபீல் பண்ணணும்" என்றார். அவர் ஃபீல் பண்ணி நான் பார்த்ததெல்லாம் பசியும் தூக்கமும்தான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நேத்து உங்க அத்தான் என்னை வீடியோ எடுத்தார்டி. தலைக்குக் குளிச்சிட்டு மாடிக்கு வா, முடியை அவிழ்த்து விட்டுக்கோன்னார். வேலைக்குப் பாத்துக்கணுமாம்." சொல்லும்போதே அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள் முடியைப் பற்றிப் பேசியதெல்லாம், குளியலறையில் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொண்டதே என்று கத்தத்தான். அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று சிரித்துவைத்தேன்.

காட்சி பார்க்கும் நாளில் தயாரிப்பாளர் வந்தார். கூடவே அவருடைய ஆலோசகரும் வந்தார். பின்னந்தலையில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சின்னக் குடுமி கட்டியிருந்ததால் எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் குடுமி என்றே பெயர். இருக்கிற பத்து முடியையும் இழுத்துக் கட்டியதில் புருவமே மேலே ஏறியிருந்தது. அக்கா விளக்கை அணைத்துவிட்டு, லேப்டாப்போடு கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையில் நாயகி ஜன்னலோரம் நின்றாள். முடி அசைந்தது. அது என் வேலை இல்லை. என் அக்கா. மாடியில் எடுத்த வீடியோவிலிருந்து அந்த மனுஷன் அவள் பின்னந்தலையை வெட்டி எடுத்துக் கம்ப்யூட்டர் பொம்மையின் தோளில் ஒட்டிவைத்திருந்தார். இதைவிடக் கேவலமான ஏமாற்று வேலை இருக்க முடியாது. ஆனாலும், நிஜ முடியை எவன் குறை சொல்லப்போகிறான், தேறிவிடும் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தவர்களைக் கொஞ்சம் உயர்வாக எடைபோட்டுவிட்டேன்.

"இது முடியே இல்லையே" என்றார் குடுமி.

"துடைப்பம் மாதிரில்ல இருக்கு" என்றார் தயாரிப்பாளர். முடி என்றால் அவருக்கு ஷாம்பு விளம்பரத்தில் வழுக்கிக்கொண்டு விழுவது.

"கழுத்துக்கிட்ட பாருங்க, திடீர்னு மடங்குது. இது சாஃப்ட்வேர் பண்ற தப்பு. பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் குடுமி.

அவருடைய கண் அப்படிப்பட்ட கண்! அத்தான் எழுந்து நின்றார். இது என் மனைவியின் முடி என்று சொல்ல எழுந்தாரோ என்று ஒரு கணம் நம்பினேன். அவர் அடித்ததோ அந்தர் பல்டி.

"நானும் இதேதான் சார் தலைபாடா அடிச்சிக்கிட்டேன். மச்சினிதான் பண்ணா. சொன்னா கேக்கறதில்ல." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ. கழுத்துக்கிட்ட மடிப்பு, எடுக்கணும்."

அக்கா அடித்தாள். மெல்லத் திரும்பிப் பார்த்தேன். திரையின் வெளிச்சத்தில் அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. மடிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய ஒரு கை தலைக்குப் பின்னால் போய் கிளிப்பைத் தொட்டுவிட்டு வந்தது. நான் எழப் போனேன். அவள் என் முழங்காலை அழுத்தி உட்காரவைத்தாள்.

"வகிடு அசிங்கமா இருக்கு. எழுதிக்கோ" என்றார் அத்தான். "நரையை எடுக்கணும். நுனியெல்லாம் வெடிச்சிருக்கு, எழுதிக்கோ." குடுமிகூட இத்தனை சொல்லவில்லை. தலையாட்ட ஆள் கிடைத்த குஷியில் அத்தான் ஒரு ஜோக்கும் அடித்தார். "இந்த முடியைப் பாத்து எந்த ஆம்பள சார் ரெண்டாவது தடவ திரும்பிப் பாப்பான்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். லேப்டாப்பில் தட்டும் சத்தம் நின்றது.

அக்கா எழுந்துபோய் விளக்கைப் போட்டாள். திரைக்கு முன்னால் சென்று எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கிளிப்பை எடுத்தாள். முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அதே மடிப்பு, அதே நரை, அதே வகிடு. திரையில் ஒன்று, திரைக்கு முன்னால் ஒன்று. அத்தான் முகம் வெளுத்துப்போனது. மாட்டிக்கொண்டார் என்று கெட்ட சந்தோஷம்கூட வந்தது எனக்கு.

குடுமி நாற்காலியைவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"இதான்! மேடத்தோட முடியைப் பாருங்க. இது நிஜம்! இதுல இருக்கிற உயிர் அதுல எங்க இருக்கு? வித்தியாசம் தெரியுதா?"

"நல்லாவே தெரியுது" என்றார் தயாரிப்பாளர். "இந்த மாதிரி பண்ணிக் குடுங்க, வேலை உங்களுக்குத்தான்."

அத்தானுக்கு மூச்சு திரும்பியது. வெட்கம் மட்டும் திரும்பவில்லை. "கண்டிப்பா சார். நானே அவளைக் கூப்பிட்டுக் காட்டணும்னுதான் இருந்தேன்" என்று பல்லை இளித்தார்.

அக்கா திரும்பி வந்தாள். லேப்டாப்பை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "இனிமே நீங்களே எழுதிக்கோங்க" என்றாள். குரல்கூட உயரவில்லை. முடியை முடியாமல், அப்படியே வேலைக்கூடத்தின் நடுவே நடந்து வெளியே போனாள். மானிட்டர்களில் ராஜகுமாரிகளுக்கு முடி நட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

படிக்கட்டில் அவளைப் பிடித்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ செஞ்ச முடி என்னாச்சு?" என்றாள்.

"இருக்கு. அதுவும் உன் முடிதான்க்கா. ஒரு இழைகூட மாத்தல."

"அப்ப அதை அவங்களுக்குக் குடுத்துடாதே."

திரும்பிப் போனேன். நான் நட்ட இழைகள், வளைத்த மடிப்பு, பார்த்துப் பார்த்து வெளியே நீட்டிவிட்ட நரை, எல்லாவற்றையும் ஒரு பிரதிகூட வைக்காமல் அழித்தேன். மனசு வலித்தது.

வந்தவர்களை வழியனுப்பிவிட்டு அத்தான் நேராக என் மேஜைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தப்பிச்சோம்மா! அவங்க கேக்கறது நீ மொதல்ல பண்ணியே, அதான். அந்த ஃபைலை எடு."

"இல்ல அத்தான். அழிச்சிட்டேன்."

சிரிப்பு அப்படியே தொங்கியது. "அழிச்சிட்டியா? இப்ப நான் எதைப் பாத்து செய்யச் சொல்றது?"

அவர் கையிலிருந்த லேப்டாப்பைக் காட்டினேன். "ஒண்ணு விடாம எழுத வச்சீங்களே. அதைப் பாத்து நீங்களே செய்யுங்க" என்றேன். என் பையை எடுத்துக்கொண்டேன். அக்கா வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.