பன்னிரண்டு டியூப்

அக்கா, தூங்கிட்டியா? ஹாஸ்டல்ல இருக்கறவங்க இந்நேரத்துக்கு தூங்க மாட்டாங்கன்னு தைரியமா அனுப்பறேன். யார்கிட்டயும் சொல்லாதே.

அம்மா லேபுக்கு இந்த முறை கிராண்ட் பணம் வரலைல்ல? நாளைக்கு காலையில வண்டி வந்து பிரீசர்ல இருக்கற ரத்த சாம்பிள் எல்லாத்தையும் வேற யுனிவர்சிட்டிக்கு எடுத்துட்டுப் போகுது. பதினோரு வருஷமா அம்மா சேர்த்தது. பழைய லேபிள் உரிஞ்சு வருதுன்னு, ஸ்கூல் விட்டதும் என்னைக் கூப்பிட்டாங்க. லேபிளை உரிச்சுட்டு நம்பரை டியூப் மேலயே எழுதணும்.

உள்ள போனதும் அதே ஸ்பிரிட் வாசனை. நாம ஹோம்வொர்க் பண்ணுவோமே, அந்த சுத்தற ஸ்டூல், இன்னும் கீச்சுனு கத்துது. பிரீசர் மாமா என்னைப் பார்த்ததும், "வாங்க டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை ஆபரேஷன்?"னார். நீ கிளவுஸ ஊதி கோழி செய்வேல்ல, அதே மாதிரி ஒண்ணு ஊதிக் குடுத்தார். சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அவருக்கும் இந்த மாசத்தோட வேலை முடியுது.

எழுதறப்போ, ஸ்பிரிட் பட்டாலும் அழியாத அந்த லேப் பேனா காஞ்சு போச்சு. அம்மா ஆபீஸ்ல இருந்தாங்க. கடைசி பன்னிரண்டுதானேன்னு என் ஸ்கூல் மார்க்கர்ல எழுதிட்டேன். மேல பனி படிஞ்சுதுன்னு எப்பவும் போல ஸ்பிரிட்ல துடைச்சேன் பாரு, பன்னிரண்டு நம்பரும் காணோம். உரிச்ச லேபிளையும் உருட்டி குப்பையில போட்டிருந்தேன்.

லிஸ்ட்ல சரியா பன்னிரண்டு நம்பர்தான் மிச்சம். எது எதோடதுன்னு தெரியாம, அதே மார்க்கர்ல தோணின மாதிரி எழுதி உள்ள வெச்சுட்டேன். கணக்கு சரியா இருக்கு. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அக்கா பயமா இருக்கு.

உனக்கு ஞாபகம் இருக்கா? சின்ன வயசுல நீ லேப் எலியோட எடையை குத்துமதிப்பா எழுதினப்போ, அம்மா ஒரு வார்த்தை திட்டல. அந்த இடத்துல கேள்விக்குறி போட்டு, "தெரியலைன்னா இதைப் போடு. இதுக்கு ஒண்ணும் வெட்கமில்ல"ன்னாங்க.

இரு, அம்மா ரூம்ல லைட் எரியுது.

வந்துட்டேன். சொல்லிட்டேன்.

அம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சாங்க. "ரத்தம் குடுத்தவங்கள்ல சில பேர் இப்போ உயிரோட இல்லடி. திரும்பப் போய் ரத்தம் கேக்க முடியாது"ன்னாங்க. நான் ஓன்னு அழுதுட்டேன். அப்புறம் லிஸ்டை எடுத்துட்டு வந்து, "எந்தெந்த நம்பர்? வரிசையா சொல்லு"ன்னாங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல கேள்விக்குறி போட்டாங்க. ஏழாவதுக்கு மட்டும் கை நின்னுச்சு. யாரோடதுன்னு நான் கேக்கல.

"காலையில ஆறு மணிக்கு கிளம்பறோம். வண்டி வர்றதுக்குள்ள டியூப்ல இருக்கற நம்பரை நீயே அழிச்சுட்டு கேள்விக்குறி எழுதணும்"னு சொல்லி, பையில இருந்து புது லேப் பேனாவை எடுத்துக் குடுத்தாங்க. "மூடியை ஒழுங்கா மூடு, கழுதை. காஞ்சுடும்"னாங்க.

அக்கா, அந்த ஸ்டூலை வீட்டுக்கு எடுத்துட்டு வரலாமான்னு கேக்கட்டா? இல்ல, நாளைக்கு வேண்டாம்ல?