சாத்திய ஜன்னல்

"ஜன்னலைச் சாத்தும்மா. புகை தெருவுக்குப் போகுது."

சொல்லிவிட்டு மாமனார் அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தார். மருமகள் நகரவில்லை. அவள் மடியில் கைக்குழந்தை மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அதன் விலாவில் குழி விழுந்தது.

"காது கேக்கலையா? எதிர்ல பஸ் ஸ்டாப். பொது இடத்துல புகை வந்தா அபராதம்னு சட்டமே போட்டாச்சு."

அவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'சட்டம்'. காலமெல்லாம் வாசலில் உட்கார்ந்து ஊதிய மனுஷன், தடை வந்த அன்றே நல்ல பிள்ளையாக நாற்காலியை உள்ளே தூக்கிப் போட்டுக்கொண்டார். தெருவே மெச்சியது. உள்ளே இருப்பது ஒரே அறைதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மாமியார்தான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். "பெரியவர் உக்காந்திருக்கும்போது மூஞ்சியைச் சுளிக்கிற வழக்கம் இந்த வீட்டுல கிடையாது."

"குழந்தைக்கு மருந்து தீந்துபோச்சு அத்தை."

"சிகரெட்டுக்கு வரியை ஏத்திட்டாங்களே, கையைக் கடிக்காதா? மருந்து அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்று முணுமுணுத்தான். பெற்ற பிள்ளைக்காக வாய் திறக்கத் துப்பில்லை.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் தெருவைக் கடந்து, பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுற்றிலும் தரையில், இதற்குள் புகை பிடிக்கக் கூடாது என்று போட்ட புது மஞ்சள் கோடு. கோட்டோரம் அபராதப் புத்தகத்தோடு நகராட்சி இன்ஸ்பெக்டர். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் இழுப்பு தணிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆத்திரத்தில் கையிலிருந்ததை மறந்து மாமனார் பின்னாலேயே வந்தார். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் சட்டென்று சிகரெட்டை அணைத்தார். வரி ஏறியதிலிருந்து அவர் மிச்ச சிகரெட்டை வீசுவதில்லை; சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்களை மாதிரி பெரியவங்க மதிச்சாத்தான் சார் சட்டம் நிக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், இந்தக் கோட்டை எங்க வீட்டுக்குள்ளயும் வந்து போடுங்க. பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றாள் மருமகள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "வீடு பொது இடம் இல்லம்மா. அது உங்க குடும்ப விஷயம்."

"கேட்டுக்கிட்டியா?" மாமனார் குழந்தையை அவள் தோளிலிருந்து பிடுங்கினார். "நீ இங்கயே உக்காந்து நல்லா காத்து வாங்கு. பிள்ளை எங்க வீட்டுப் பிள்ளை."

இரண்டு பக்கமும் பார்த்து, விதிப்படியே தெருவைக் கடந்தார். அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கதவு தாழிடப்பட்டது. தட்டினாள், கத்தினாள். உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பிறகு குழந்தையின் இருமல்.

வாசலோரம் கிடந்த கல்லை எடுத்து, கையை விடாமலே ஜன்னலில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி உடைந்து தெருவிலும் சிதறியது. ஓட்டை வழியே புகை வெளியே வந்தது.

"சார்! புகை தெருவுக்கு வந்துடுச்சு. இப்ப வந்து எழுதுங்க!"

இன்ஸ்பெக்டர் வந்தார். புகையையும் பார்த்தார், கண்ணாடியையும் பார்த்தார். புத்தகத்தைத் திறந்து, பொதுத்தெருவில் கண்ணாடி போட்டதற்கு அவள் பேரில் அபராதம் எழுதினார்.

அவர் எழுதி முடிக்கும்வரை, பிள்ளைக்குக் காற்று போகட்டும் என்று அவள் ஜன்னலை மறைக்காமல் ஒதுங்கியே நின்றாள். கையிலிருந்த கல்லைக் கீழே போடவில்லை.