அப்புறம் வாங்க

அந்த ஓட்டலில் அவளை எல்லோரும் ஏழாம் மாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக ஏழாம் மாடியில் அறை சுத்தம் செய்கிறவள். எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். இப்படி நிற்கிறவர்களை எந்த நிர்வாகமும் மேலே ஏற்றாது, நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும் என்று விட்டுவிடும். இது அவளுக்குப் புரிவதற்குள் முட்டி இரண்டும் தேய்ந்துபோயின.

கட்டிலுக்கு அடியில் குனிந்து, குளியல் தொட்டிக்குள் மண்டிபோட்டு, ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. "இனிமே குனியவே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனியாமல் செய்கிற வேலை அவளுக்குத் தெரிந்து அங்கே ஒன்றுதான் இருந்தது, சூப்பர்வைசர் வேலை. கையில் அட்டையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் விரித்த படுக்கையில் சுருக்கம் இருக்கிறதா என்று நிமிர்ந்து நின்று பார்த்தால் போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அதற்கு ஆள் எடுப்பார்கள். நாற்பத்தைந்து முடிந்துவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது. அவளுக்கு அடுத்த மாதம் முடிகிறது. கிடைத்தால் இப்போது கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முட்டி தாங்குகிற வரைக்கும் வேலை, அப்புறம் வீடு.

விண்ணப்பத்தை மகள்தான் எழுதினாள். கல்லூரியில் கடைசி வருடம். அம்மாவுக்கும் சேர்த்து வாய் அவளுக்கு. ஒரு வாரம் சமையலறையில் வைத்துத் தாயைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள்.

"உங்களுக்குக் கீழ வேலை செய்யறவங்க சொன்ன பேச்சு கேக்கலன்னா என்ன செய்வீங்க?"

"நானே செஞ்சிருவேன்."

"அம்மா! அப்படிச் சொன்னா அங்கயே எழுந்து போகச் சொல்லிருவாங்க."

"சரி, வேற எப்படிச் சொல்லணும்?"

பாவம், மண்டையை உடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டாள். கடைசி இரண்டு நாள் மகளே அசந்துபோகிற மாதிரி பதில் சொன்னாள்.

நேர்காணலன்று கூட்ட அரங்கை வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதனால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மூன்று பேரையும் ஏழாம் மாடியில், எழுநூற்றுப் பதினாலாம் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். காலையில் அவளே பெருக்கித் துடைத்த அறைதான். பதினொன்றரைக்கு அவள் முறை. கீழே அலுவலக எழுத்தர் பட்டியலைப் பார்த்து, "நேரா மேல போங்கக்கா. கதவைத் தட்டிட்டு உள்ள போயிருங்க" என்று அனுப்பினான். சீருடையைக் கழற்றிவிட்டு, மகள் இஸ்திரி போட்டுக் கொடுத்ததை உடுத்தி, தலையைப் படிய வாரி, வேறு ஆளாகத்தான் போனாள். வாயை மாற்ற மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மூன்று தட்டுத் தட்டினாள். "ஹவுஸ்கீப்பிங்!" என்றாள்.

சொன்னது அவளுக்கே தெரியாது. ஒரு நாளைக்குப் பதினான்கு கதவு, அதுவும் பத்தொன்பது வருடம். கை தட்டினால் வாய் தானாகச் சொல்லும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன் இஷ்டத்துக்குக் கத்திக் கெட்டது. இவள் வாயில் வந்தது ஓட்டல்காரன் பழக்கிய வார்த்தை.

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "இப்ப வேண்டாம், அப்புறம் வாங்க" என்றது.

"சரிங்க சார்."

முன்னால் போனவருக்கு இன்னும் முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். வாசலிலேயே நின்றிருந்தாலாவது பிழைத்திருப்பாள். ஆனால் விருந்தினர் நடக்கிற இடத்தில் ஊழியர்கள் சும்மா நிற்கக் கூடாது என்று விதி. படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கைபேசி கீழே பெட்டியில் பூட்டிக் கிடந்தது, அதுவும் விதி. "அப்புறம்" என்று சொன்ன அறையை ஒரு மணி நேரத்துக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது இன்னொரு விதி. உட்கார்ந்தால் துணி கசங்குமே என்று, வலிக்கிற முட்டியோடு ஒரு மணி நேரமும் நின்றாள். எல்லாப் பதிலையும் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

போய்ப் பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மூன்று காப்பிக் கோப்பைகள் மட்டும் இருந்தன.

கீழே அவளைப் பார்த்ததும் எழுத்தர் தலையில் கைவைத்துக்கொண்டான். "எங்கக்கா போனீங்க? பத்து தடவை போன் அடிச்சேன்! நீங்க வரலன்னு எழுதிட்டுக் கிளம்பிட்டாங்களே."

"வந்தேனே தம்பி. அப்புறம் வாங்கன்னு சொன்னாங்க."

"யாருமே வரலயாம். ரூம் சுத்தம் பண்ற அம்மா மட்டும் ஒரு தடவை வந்து தட்டினாங்களாம்..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. தன் குரல் தன் காதிலேயே கேட்டது.

எழுத்தர் நல்லவன். உடனே அவளுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் அவர்களுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். காருக்குள்ளிருந்து அதே குரல் சிரித்தது. "ஓ, அவங்கதானா? சரி விடுப்பா. அப்புறம் வாங்கன்னதும் திரும்பிப் போறவங்க, இருபது பேரை எப்படிக் கட்டி மேய்ப்பாங்க?"

கோபம் வரவேண்டிய இடம். எனக்கு இதை எழுதும்போதே வருகிறது. அவளுக்கு வந்தது வெட்கம்தான். சீருடையை மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த ஆறு அறைகளையும் முடித்துவிட்டுக் கிளம்பினாள்.

மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னம்மா கேட்டாங்க?"

நடந்ததை எந்த முகத்தோடு சொல்வது? கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். கதவில் நடந்ததைச் சொன்னால் பெண் ஆயுசுக்கும் தன்னைப் பரிதாபமாகப் பார்ப்பாள்.

"எல்லாம் கேட்டாங்க. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே சொன்னேன். வேற யாருக்கோ குடுத்துட்டாங்க."

"ஏன்னு கேட்டியா?"

"இல்ல."

மகளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அவ்வளவு நல்லா சொல்லியும் குடுக்கலன்னா ஏன்னு கேக்க மாட்டியா? எவன் என்ன சொன்னாலும் சரிங்கன்னு திரும்பி வந்துருவியா? இப்படியே இருந்தா கடைசி வரைக்கும் இதே வேலைதாம்மா உனக்கு!"

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"சரிம்மா" என்றாள்.