நிக்கொலவுஸ் ஏன் ஒளிந்து போனார்

2002 டிசம்பர் முதல் கிழமையில் ஜெர்மனியின் ஹம் நகரத்துச் சிறுவர் பள்ளி ஒன்றில் சிக்கல் வந்தது. டிசம்பர் ஆறில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் புனிதர் நிக்கொலவுஸாக வருடாவருடம் வேடம் போடும் பெரியவர் பனியில் வழுக்கிக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பொறுப்பாளர் அல்ற்ஹொஃப் அம்மையார் நேரே சமையலறைக்கு வந்தார். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வின்சன்றைப் பார்த்து, “நீங்கள்தான் உயரம். அங்கி உங்களுக்குத்தான் அளவாக இருக்கும்” என்றார்.

வின்சன்றுக்கு நாற்பத்தாறு வயது. ஜெர்மனிக்கு வந்து பதினேழு வருடம். யாழ்ப்பாணத்தில் மூன்று தங்கைகள். மூவருக்கும் இவர் அனுப்பிய காசில்தான் சீதனம் கொடுத்துக் கலியாணம் நடந்தது. இவர் மட்டும் தனியாள். மூத்த இருவரும் பெருநாளுக்குப் பெருநாள் தொலைபேசியில் கதைப்பார்கள். கடைசித் தங்கை சாந்தா, “உங்களுக்கு முன்னால வாழ்நாள் முழுக்கக் குனிஞ்சு நிக்க எனக்கு ஏலாது” என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுத் தொடர்பை நிறுத்திவிட்டாள். அது நடந்து ஏழு வருடம். நன்றி கெட்டவள் என்று இவரும் விட்டுவிட்டார்.

அம்மையார் கொடுத்த சிறு புத்தகத்தை அகராதியோடு இரண்டு நாள் வாசித்தார். நிக்கொலவுஸ் கடற்கரைப் பட்டணமான மீறாவில் கிறிஸ்தவ ஆயராக இருந்தவராம். அந்த இடம் இப்போது துருக்கியில் இருக்கிறது. அங்கே நொடித்துப்போன ஒருவனுக்கு மூன்று பெண்கள். சீதனம் இல்லாததால் அவர்களை விற்றுவிடும் நிலை. ஆயர் மூன்று இரவு ஒளித்துப் போய், யன்னலால் பொன் முடிச்சுகளை எறிந்துவிட்டு ஓடினாராம்.

“இது எங்கட கதையெல்லோ” என்று வின்சன்ற் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, நீண்ட தொப்பியும் பஞ்சுத் தாடியும் வளைந்த கோலுமாக அவர் வந்து அமர்ந்தபோது பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: “உங்கட கை ஏன் மண்ணிறம்?”

“நான் துருக்கிப் பக்கம். அங்கே வெயில் அதிகம்.”

“நாங்களும் துருக்கி!” என்று எம்ரே என்ற பையன் எழும்பி நின்று கத்தினான். பிறகு இருக்கவே மறுத்தான்.

வின்சன்ற் தன் உடைந்த ஜெர்மனில் மூன்று பெண்களின் கதையைச் சொன்னார். முடிந்ததும் அதே பெண்பிள்ளை கையை உயர்த்தினாள்.

“ஏன் ஒளிச்சுப் போனீங்கள்? வாசலால போய்க் குடுத்திருக்கலாமே?”

புத்தகத்தில் அதற்கு விடை இருக்கவில்லை. அவர் யோசித்துச் சொன்னார்: “நான்தான் குடுத்தனெண்டு தெரிஞ்சால், என்னைக் காணுற நேரமெல்லாம் அந்தப் பிள்ளையள் தலையைக் குனிய வேணும். அது...”

அம்மையார் சட்டென்று பாட்டைத் தொடங்கிவைத்தார். வின்சன்ற் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொட்டைகளும் தோடம்பழங்களும் எடுத்துக் கொடுத்தார்.

சாந்தாவுக்கு எழுதிய கடிதங்கள் நினைவில் வந்தன. எந்தக் கடிதத்திலும் குளிர், முதுகுநோ, இரண்டு வேலை, கடைசியில் “எல்லாம் உனக்காகத்தான்.”

பின்னேரம் இரண்டு மணிக்கு, மூத்த தங்கையிடம் சாந்தாவின் இலக்கம் வாங்கிக்கொண்டு தொலைபேசி எடுத்தார்.

“ஆர் கதைக்கிறது?”

“அண்ணை.”

“ஏன், உடம்புக்கு ஏதும் வருத்தமோ?”

“இல்லைப் பிள்ளை. நான் அந்தக் கடிதங்களை அப்பிடி எழுதியிருக்கக் கூடாது.”

“அதுகளை என்ர மனுசன் வாசிச்சுப்போட்டார் அண்ணை. கோவம் வந்தால் இண்டைக்கும் சொல்லிக் காட்டுவார். உன்ர அண்ணன் முதுகு முறிச்ச காசு எண்டு.”

இப்படி ஒன்றை வின்சன்ற் நினைத்தே பார்த்ததில்லை. “எனக்குத் தெரியாது சாந்தா” என்றார்.

அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “உங்கட முதுகுநோ இப்ப எப்பிடி?” என்று கேட்டாள்.

“இப்ப நோகிறேல்லை.” அவர் சொன்னது பொய்.

“அவருக்கு நான் இனிப் பதில் சொல்லுவன். நீங்கள் எழுதுங்கோ. சும்மா எழுதுங்கோ, இண்டைக்கு என்ன சாப்பிட்டனான் எண்டு.”

அன்றே உட்கார்ந்து எழுதினார். பஞ்சுத் தாடி, எம்ரே, தொப்பி கண்ணை மறைத்தது எல்லாம் இரண்டு பக்கத்துக்கு வந்தன.