ரேடியோவுக்கு வராத குரல்

கம்பி கட்டுகிறவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். மேஸ்திரியின் கரகரப்பு, கான்ட்ராக்டரின் அடித்தொண்டை, யார் பேச்சானாலும் அப்படியே எடுத்துவிடுவான். புதிதாக வந்த இஞ்சினியர் பெண்ணின் பேச்சு மூன்றாம் நாளே அவன் வாய்க்குப் போய்விட்டது. "அண்ணா, ப்ளீஸ், கொஞ்சம் கவனிங்க" என்று மூக்கால் இழுப்பான். சாரமே குலுங்கச் சிரிப்பார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பேச்சு என்ன, சும்மா வந்ததா? சித்தாள் மகளென்று கல்லூரியில் எவளும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று நான்கு வருடம் நாக்கைத் தேய்த்துப் பழகியது.

அன்று முதல் மாடித் தளத்துக்கு கான்கிரீட் ஊற்றினார்கள். காலையிலிருந்தே ரேடியோ கட்டடத்துக்குப் பின்னால் கம்பி வெட்டுமிடத்திலிருந்து வாக்கி டாக்கியில் அவளாக மாறி வம்பளந்துகொண்டிருந்தான். "அண்ணா, ப்ளீஸ், டீ வந்துடுச்சா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தளத்துக்கு அடியில் அதைத் தாங்கும் முட்டுகளைச் சரிபார்த்தாள். ஓரத்து முட்டு ஒன்று அடிக்கட்டையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் இருவர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள்.

"வெளிய வந்துடுங்கண்ணா!"

"விட்டா மொத்தமும் வந்துரும் மேடம். மேல நிறுத்தச் சொல்லுங்க!"

வாக்கி டாக்கியை அழுத்தினாள். "அண்ணா, ப்ளீஸ், ஊத்துறதை நிறுத்துங்க. முட்டு நழுவுது."

மேலே ஒரே சிரிப்பு. "டேய் ரேடியோ, அச்சு அசல்டா!" என்றார் மேஸ்திரி.

"ஐயோ, நான் இல்லண்ணே!" என்று அலறினான் ரேடியோ.

அதற்கும் சிரித்தார்கள்.

"நான்தான் பேசுறேன், நிஜமா!" என்றாள் அவள்.

"அதையும் சொல்றான் பாரு!"

கான்கிரீட் பம்ப் நிற்கவில்லை. முட்டு இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தது. தோள் கொடுத்தவனின் கழுத்து நரம்பு புடைத்தது.

வாக்கி டாக்கியை மணலில் எறிந்துவிட்டு வெளியே ஓடினாள். அண்ணாந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கீழே நின்று மாடிக்கு எட்டும்படி அம்மா கத்துவாளே, அதே கத்தல்.

"அடேய்! காதுல என்ன சிமெண்டா பூசி வச்சிருக்கீங்க? நிறுத்துங்கடா! கீழ ரெண்டு உசுரு நிக்குது!"

பம்ப் நின்றது. தளத்து ஓரத்தில் வரிசையாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருத்தன் முகத்திலும் சிரிப்பில்லை.

புது முட்டுகள் கொடுத்து இறுக்கியதும் மேஸ்திரி வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

"சொன்னேன். சிரிச்சீங்க."

பின்னால் நின்ற ரேடியோ எட்டிப் பார்த்தான். "மேடம்... அது யாரு குரலு?"

"எங்கம்மாவோடது. எடுத்துத்தான் பாரேன், நாக்கை அறுத்துடுறேன்."

அவன் தன் வாக்கி டாக்கியை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டான். மேலே உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். மணலைத் தட்டி வாக்கி டாக்கியை எடுத்தாள். "அண்ணா, ப்ளீஸ்" நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"ம், ஊத்துங்கடா" என்றாள்.

பேசியது யாரென்று எவனும் கேட்கவில்லை.